செங்கம்மாவின் இடது உள்ளங்கை

செங்கம்மாவைப் பற்றி எழுதுங்கள் என்று தனபாக்கியம் மூன்று வாரமாக என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். தனபாக்கியம் என் மனைவி. நான் சடகோபன், சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதி ஓய்வு பெற்றவன். 'தங்கள் மேலான கடிதம் கிடைத்தது' என்று தொடங்கினால்தான் எனக்குப் பேனா ஓடும். அந்தப் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியின் வாழ்க்கையை எழுதச் சொன்னால் நான் எங்கே போவேன்? ஆனால் எழுதாவிட்டால் வீட்டில் காபியின் தரம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

செங்கம்மாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. திருமலையில் பக்தர்கள் மொட்டை போட்டுக்கொள்ளும் மண்டபமான கல்யாணகட்டாவில் பெண்களுக்கு முடியெடுக்கிறாள். பிறந்தது வெதுருகுப்பம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அவளுடைய நைனா ஊருக்கெல்லாம் சவரம் செய்தவர். நல்லதுக்கும் கெட்டதுக்கும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான், கடைசிப் பந்தியில் இலை போடுவதும் அவருக்குத்தான். இதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் கேட்கக் கோபமாக இருக்கும்.

பதினெட்டு வயதில் திருப்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவர் நாகபூஷணம் மலைமேல் முடியெடுக்கும் வேலையில் இருந்தவர். நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வேலூருக்கும் திருப்பதிக்குமாக இரண்டு வருஷம் அலைந்தாள். அப்போது அவளுக்கு முடி முழங்கால்வரை இருந்ததாம். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி, "இந்த முடி உனக்குத்தான். அவரப் பாத்துக்கோ" என்று மலை இருக்கும் திசையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். பேரம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் சொன்னது.

அவர் பிழைக்கவில்லை. வருஷம் திரும்பும்வரை காத்திருந்து, அலிபிரிப் படிகளில் நடந்தே ஏறி, செங்கம்மா மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அந்த நாளில் அங்கே கத்தி பிடித்தவர்கள் எல்லோரும் ஆண்கள், அவள் கணவரோடு வேலை பார்த்தவர்கள். அவள் தலையில் கை வைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. "அவனே போய்ட்டான், இன்னும் எதுக்குமா வேண்டுதல்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"செத்தது அவரு. நான் குடுக்கறேன்னு சொன்னது சாவலியே" என்றாளாம் செங்கம்மா.

இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டது கிடைத்தால் கொடுப்பது எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். கிடைக்காதபோதும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற மனசு எப்படிப்பட்டது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அதன்பிறகு பெண்களுக்கு முடியெடுக்கப் பெண்களையே வேலைக்கு வைக்க ஆரம்பித்தார்கள். முதலில் சேர்ந்தவர்களில் இவளும் ஒருத்தி. ஊதிய பலூனில் சோப்பு தடவி, வெடிக்காமல் வழித்துக் கை பழகிக்கொண்டாள். இன்றுவரை எத்தனை தலை ஆகியிருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "எண்ணிக்கினு இருந்தா கத்தி நழுவிடும் சார்" என்றாள்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தலையை நனைத்துக்கொண்டு வந்து எதிரே உட்காரும் பெண்ணின் உச்சியில் அவள் முதலில் இடது உள்ளங்கையை வைப்பாள். வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். வலது கையில் கத்தி இருக்கும், அது அசையாது. எந்தத் தலையும் முதலில் விறைத்துக்கொண்டுதான் இருக்குமாம். கழுத்து தன் பாரத்தைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி விட்டுப்போய், தலையின் பாரம் முழுக்க அவள் கையில் வந்து இறங்கும். அதற்கப்புறம்தான் கத்தி. மற்றவர்கள் மூன்று தலை முடிக்கிற நேரத்தில் இவள் இரண்டுதான் முடிப்பாள். 'செங்கம்மாகிட்ட உக்காந்தா கடைசி பஸ்தான்' என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பண்ணுவார்கள், நானும் பண்ணியிருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆபரேஷன் முடிந்து தேறியபின் தனபாக்கியம் மொட்டை போட்டுக்கொண்டது இவளிடம்தான். வெளியே வந்த தனபாக்கியத்தின் முகம் வேறு மாதிரி இருந்தது. "அந்தம்மா கைய வெச்சதும் வுட்டுட்டேங்க" என்றாள். எதை விட்டாய் என்று கேட்டேன். "தெரியல. ஆனா வுட்டுட்டேன்" என்றாள். படித்த புருஷனுக்கு இதற்கு என்ன பதில் தெரியும்? லட்டு வாங்கப் போய்விட்டேன். அன்றிலிருந்து இரண்டு பெண்களும் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

இனி ஹதாசா வந்த கதை. மாம்பழக்கூழ் கம்பெனிக்கு ஒவ்வொரு சீசனிலும் ஜெருசலேமிலிருந்து ஒரு தாடிக்காரர் வருவார். இந்தக் கூழை யூதர்கள் சாப்பிடலாம் என்று சான்று கொடுப்பது அவர் வேலை. பாய்லரைப் பார்ப்பார், பீப்பாயின் மூடியைத் திருப்பிப் பார்ப்பார், குழாயைக் கழுவுவதற்கு என்ன போடுகிறீர்கள் என்று நாற்பது கேள்வி கேட்பார். அவரோடு சுற்றியது முழுக்க நான்தான். அந்தப் பழக்கத்தில் என் நம்பரை அவர் தன் ஊர்க்காரி ஹதாசாவுக்குக் கொடுத்திருக்கிறார். போன ஜூனில் ஹதாசா போன் செய்தாள். திருமலையில் முடியெடுக்கும் ஒருவரிடம் நேரில் ஒரு கேள்வி கேட்க வேண்டும், உதவுவீர்களா என்றாள். இதற்காகவா ஜெருசலேமிலிருந்து வருகிறாய் என்றேன். ஆமாம், இதற்காகத்தான் என்றாள்.

நாற்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை பாவாடை, ஒரு மயிர்கூட வெளியே தெரியாமல் தலையைச் சுற்றித் துணி. காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தனபாக்கியம் நெய் ஒழுகப் பொங்கல் வைத்திருந்தாள். ஹதாசா கைகூப்பி மறுத்துவிட்டு, தன் பையிலிருந்து தன்னுடைய கத்தியை எடுத்து எங்கள் வீட்டு மாம்பழம் ஒன்றைத் தானே தோல் சீவிக்கொண்டாள். பிறகு கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஏதோ முணுமுணுத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ரொட்டியில் ஒரு துண்டை உப்பில் மூன்று தடவை தொட்டு வாயில் போட்டாள்.

"ரொட்டிய உப்புல தொட்டுத் துன்றாங்களே, ஏன்னு கேளுங்க" என்றாள் தனபாக்கியம். கேட்டேன்.

"எங்கள் கோயில் இடிந்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம் ஆகிறது" என்றாள் ஹதாசா. "பலி கொடுக்க எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அதனால் சாப்பிடுகிற மேசைதான் இப்போது பீடம். அந்தக் காலத்தில் பீடத்தில் எதை வைத்தாலும் உப்போடுதான் வைப்பார்கள். அதனால் உப்பு."

பலி என்றதும் எனக்குத் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைதான் ஞாபகம் வந்தது. ஆடு, ரத்தம், அப்புறம் குழம்பு. அதைச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எங்களிலும் அப்படி உண்டு என்றாள். சிலவற்றை வீட்டாரும் உண்பார்கள், சிலவற்றைப் பூசாரிகள் மட்டும் உண்பார்கள். ஆனால் ஒன்று மட்டும் யாருக்கும் ஒரு வாய்கூடக் கிடையாது, முழுசும் எரிந்து மேலே போய்விடும்.

"அதற்கு முன்னால் கொண்டுவந்தவர் தன் இரண்டு கையையும் அந்த மிருகத்தின் தலைமேல் வைக்க வேண்டும்" என்றாள். "சும்மா தொட்டால் போதாது. உடம்பின் பாரம் முழுக்க இறங்கும்படி அழுத்த வேண்டும். பீடத்துக்குப் போக வேண்டியது என் தலை, அதற்குப் பதில் இது போகிறது என்று நெஞ்சில் பட வேண்டும். நெருங்கிப் போவதற்குத்தான் பலி. கடவுளுக்குப் பசி என்பதற்காக இல்லை."

தனபாக்கியத்துக்கு மொழிபெயர்த்தேன். அவள் மெல்லத் தன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேருமே செங்கம்மாவின் பெயரைச் சொல்லவில்லை.

ஹதாசா தான் வந்த காரியத்தைச் சொன்னாள். அவர்கள் வழக்கத்தில் கல்யாணமான பெண் தன் முடியை வெளியாருக்குக் காட்டமாட்டாள். துணியால் மூடுவாள், அல்லது விக் வைத்துக்கொள்வாள். அவளுடைய அம்மா, மகள் கல்யாணத்தில் தான் வைத்துக்கொள்ள ஒரு நல்ல விக் வாங்கினாள். பதினெட்டு வருஷம் அதையேதான் வைத்திருந்தாள். போன வருஷம் அம்மா இறந்துவிட்டாள். பெட்டியை ஒழித்தபோது விக்கின் உள்தையலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. முடி வந்த இடம் திருமலை என்று அதில் இருந்தது. அவர்கள் குருவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே முடி வெட்டுவது வெறும் சுத்தத்துக்காக என்றால் வைத்துக்கொள், அந்த முடியைக் கடவுளுக்கென்று கொடுக்கிறார்கள் என்றால் எரித்துவிடு என்று சொல்லிவிட்டார் அவர். ஏற்கெனவே கேட்டுவந்த ஆட்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முடியெடுப்பவரின் வாயாலேயே கேட்டுவிட வேண்டுமென்று இவள் கிளம்பி வந்துவிட்டாள்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. "எங்கள் பெருமாளுக்குக் கொடுத்தது உங்களுக்குத் தீட்டா?" என்று கேட்டே விட்டேன்.

"அவமதிப்பதற்காக இல்லை" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "எங்களுக்கு ஒருவர்தான். வேறொருவருக்குப் படைத்ததை நாங்கள் அனுபவிக்கக்கூடாது. விற்கக்கூடாது, தானமும் செய்யக்கூடாது."

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். தனபாக்கியம் பின்னாலேயே வந்தாள். "உங்க அக்கா ஆசாரம்னு நம்ம வீட்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்க. அவங்களுக்குக் கார் வெச்சி அனுப்பறீங்க. இந்தம்மா மேல மட்டும் எதுக்கு இந்தக் கோவம்?" என்றாள். என் அக்காவைப் பற்றி அவளிடம் வாதாடி நான் ஜெயித்ததே கிடையாது. உள்ளே வந்தேன்.

ஹதாசா ஒரு வட்டப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். கரும்பழுப்பில், தோளுக்குக் கீழே தொங்கும் நீளத்தில், பளபளவென்று இருந்தது. நடுவே நேர்வகிடு.

"இந்த வகிடு அம்மா எடுத்தது" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குக் காலையில் எடுத்தார். நான் சீப்பு வைக்கவே இல்லை. வைத்தால் கலைந்துவிடும்."

மூடியை மெல்லப் பொருத்தினாள். என் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிடும், அதுதான் என்னிடம் இருக்கும் நல்ல குணம். கொல்லைப்பக்கம் போய்ச் செங்கம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, "அந்தப் பொண்ணு கேட்டா, முடி சும்மா அழுக்குதான், சாமிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிடு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"வரட்டும் சார், பாக்கலாம்" என்றாள் செங்கம்மா. அவள் ஒத்துக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

மலைக்கு வரமாட்டேன், அது எனக்குக் கூடாது என்று ஹதாசா சொல்லிவிட்டாள். அதனால் செங்கம்மாவின் வேலை முடிந்தபிறகு அவள் வீட்டிலேயே பார்ப்பதாக ஏற்பாடு. கீழ்த்திருப்பதியில் மலையடிவாரத்தை ஒட்டி இரண்டு அறை, ஒரு முற்றம். முற்றத்தில் நின்று தலையை நிமிர்த்தினால் மலை முழுசாக எதிரே நிற்கும். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். செங்கம்மா பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தாள். ஹதாசா நாற்காலியில் உட்காரவில்லை. செங்கம்மா தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எதிரே தானும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் தனபாக்கியமும் மட்டும் சபைத்தலைவர்கள் மாதிரி நாற்காலியில்.

"முதல்ல அத்தக் காட்டச் சொல்லுங்க சார்" என்றாள் செங்கம்மா.

பெட்டி திறந்தது. செங்கம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வகிட்டைத் தொடாமல், ஓரத்தில் ஒரு கொத்தை மட்டும் விரலிடுக்கில் எடுத்தாள். மேலிருந்து கீழே இழுத்தாள். பிறகு கீழிருந்து மேலே.

"கீழ போனா வழுக்குது, மேல போனா தடுக்குது. வாரும்போது உதிர்ற முடி இப்டி இருக்காது, சிக்கிக்கும். இது அடியோட கட்டி வெச்சி எடுத்தது. ரெண்டு மூணு தலை இருக்கும். ஒவ்வொண்ணும் நாலஞ்சு வருஷம் வளத்தது" என்றாள். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், "எந்த வருஷத்து முடி இது?" என்று கேட்டாள்.

பதினெட்டு, இருபது வருஷம் இருக்கும் என்றேன். செங்கம்மா அந்தக் கொத்தை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அவள் தன் முடியைக் கொடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். அதை நான் ஹதாசாவிடம் சொல்லவில்லை.

ஹதாசா ஒரு காகிதத்தைப் பிரித்தாள். முதல் கேள்வியைப் படித்தாள். "நீங்கள் கத்தி வைப்பதுதான் கடவுளுக்குச் செய்யும் படையலா?"

நான் தமிழில் சொன்னேன், புருவத்தை உயர்த்திச் செங்கம்மாவுக்குக் குறிப்பும் காட்டினேன்.

"கத்தி ஒண்ணுமில்ல சார்" என்றாள் செங்கம்மா. "கத்தி எங்கூட்டு அரிவாமணை மாரி. வந்து உக்காருவாங்க. கைய வெப்பேன். தலை விறைச்சிக்கினு இருக்கும். அவங்க பயம், ஆச, முறுக்கு எல்லாம் அந்தக் கழுத்துலதான் இருக்கும். அப்புறம் பாரத்த என் கையில வுட்டுடுவாங்க. அப்பவே குடுத்தாச்சி. அதுக்கப்புறம் நான் எடுக்கறது வெறும் முடிதான்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பொய்யே சொல்லாமல் காரியத்தை முடித்துவிட்டாளே என்று நினைத்தேன். ஒரு சொல்லும் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியில் என் பங்குக்கு, "ஆக, முடி படையல் இல்லை" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஹதாசா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவள் செங்கம்மாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் விரிந்திருந்தன. "பாரம் முழுக்கவா?" என்று கேட்டாள். "கையில் இறங்குமா?"

"ஆமா. நல்லாவே தெரியும்" என்றாள் செங்கம்மா.

"நாங்கள் இதைப் படிக்கத்தான் படித்திருக்கிறோம்" என்றாள் ஹதாசா. "கையை வை, பாரத்தை இறக்கு என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் வாயால் சொல்லிக்கொண்டுதான் வருகிறோம். அது எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் எங்களில் யாரும் உயிரோடு இல்லை. இவருக்குக் கையிலேயே தெரிகிறது."

இத்தனை வருஷம் நான் கிண்டல் செய்த ஒரு கை அது. அதை நிமிர்ந்து பார்க்கவே எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்று ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

இத்தோடு எழுந்துவிட்டிருந்தால் விக் அவளோடு ஊருக்குப் போயிருக்கும். ஹதாசா காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள். மடித்து வைத்தவள் தானாகவே ஒரு கேள்வி கேட்டாள். "பாரத்தைக் கொடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் அந்த முடி யாருடையது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே! வேண்டாவெறுப்பாகத் தமிழில் கேட்டேன். செங்கம்மா வட்டப்பெட்டியையும் ஹதாசாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. அந்த வகிட்டை யார் எடுத்தது என்பது அவளுக்கும் தெரியும், நான்தான் போனில் சொல்லியிருந்தேனே.

"சார், நான் என் முடியக் குடுத்தேன் இல்ல?" என்றாள். "அது ஏலத்துக்குப் போவும்னு எனக்குத் தெரியும். எங்க போவுதுன்னு நான் கேட்டதில்ல. ஆனா அன்னிக்கி நான் யார் தலையிலயும் வெக்கறதுக்குக் குடுக்கல சார். எம்புருஷன் போயும் குடுத்தேன். அத்த வேற ஒருத்தருதுன்னு எப்டி சொல்லுவேன்? அவுருது."

'அவுருது' என்றபோது அவள் கை தானாக மலையைக் காட்டியது.

நான் வாயைத் திறந்தேன். என் வாய் நிறையப் பொய் தயாராக இருந்தது. அது யாருடையதும் இல்லை, குப்பை என்று ஒரு வரி சொன்னால் போதும். இந்த முற்றத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் ஹதாசா என் வாயைப் பார்க்கவில்லை. செங்கம்மா நீட்டிய கையைப் பார்த்தாள், அந்தக் கை காட்டிய மலையைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நான் மொழிபெயர்க்க ஒன்றும் மிச்சமில்லை.

"ஊருக்குக் கொண்டுபோய் எரிக்கலாம்" என்று அவளிடம் மெல்லச் சொன்னேன். "கொஞ்ச நாள் வைத்திருந்து..."

"தெரிந்தபிறகு வைத்திருக்கக்கூடாது" என்றாள். "இங்கேயே. இவர் சம்மதித்தால்."

செங்கம்மா உள்ளே போய், வெந்நீர் போடும் இரும்புச் சட்டியையும் காய்ந்த தேங்காய் மட்டைகளையும் கொண்டுவந்தாள். பழக்கதோஷத்தில் ஒரு கற்பூரத்தையும் எடுத்து வந்திருந்தாள். ஹதாசா வேண்டாமென்று தலையசைத்தாள். "இது பூஜை இல்லை. பலியும் இல்லை. எங்கள் பலிக்கு ஒரே இடம்தான், அது இங்கே இல்லை. இது சும்மா விட்டுவிடுவது." நான் சொன்னதைக் கேட்டுச் செங்கம்மா கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். "பேர் இன்னாவா இருந்தா இன்னா சார்" என்றாள். அவளுக்கு வருத்தம் இல்லை.

மட்டை பிடித்துக்கொண்டது. ஹதாசா விக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அந்த வகிட்டைப் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். தெரிந்து செய்தாளா, தன்னையறியாமல் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. தோள் இரண்டும் முன்னால் சாய்ந்து, அவள் பாரம் முழுக்க அந்தக் கைகளில் இறங்கியது. வகிடு கலைந்தது. அதை எடுத்து நெருப்பில் வைத்தாள்.

முடி எரிகிற நாற்றம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குப்பென்று வந்தது. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். செங்கம்மாவும் ஹதாசாவும் மட்டும் சட்டிக்கு இரண்டு பக்கமும், முகத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹதாசா நெருப்பைப் பார்த்தபடியே பேசினாள். "கோயில் இருந்த காலத்தில், ஆடுமாடு கொண்டுவர முடியாத ஏழை ஒரு புறாவைக் கொண்டுவருவான். அதை இறகு பறிக்காமல் அப்படியே நெருப்பில் வைப்பார்கள். எரிகிற இறகின் நாற்றத்தை யாராலும் தாங்க முடியாது. இருந்தாலும் பறிக்கமாட்டார்கள். பறித்துவிட்டால் அந்தப் பறவை ரொம்பச் சின்னதாகிவிடும். ஏழை கொண்டுவந்தது பீடத்தின்மேல் நிறைவாகத் தெரிய வேண்டும், அதனால் நாற்றம் பரவாயில்லை என்று. கடவுளுக்கு அதுதான் நறுமணம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்."

இதைத் தமிழில் சொல்வதற்காகத் துண்டை எடுத்தேன். சொல்லி முடித்தபிறகு திரும்பப் பொத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். தனபாக்கியம் எனக்கு முன்பே இறங்கியிருந்தாள். அந்தப் புகையை நான் நெஞ்சு நிறைய இழுத்தேன். வாழ்நாளில் எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறேன், இவ்வளவு பயபக்தியோடு எங்கேயும் உட்கார்ந்ததில்லை. யாருக்குப் போய்ச் சேருகிறது இது, அவர்களுக்கா, எங்களுக்கா என்று கேட்கிற புத்திகூட எனக்கு அப்போது இல்லை.

நெருப்பு அடங்கியது. சட்டியில் கறுப்பாகக் கொஞ்சம் சுருண்டு கிடந்தது. ஹதாசா முதுகை நேராக வைத்துக்கொண்டு, கழுத்து விறைக்க உட்கார்ந்திருந்தாள். அவள் இன்னும் அழவில்லை. தாடை மட்டும் இறுகியிருந்தது.

செங்கம்மா சட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இடது உள்ளங்கையை எடுத்து, தலைத்துணியின்மேல், உச்சியில் வைத்தாள். வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். மண்டபத்தில் எப்படி இருப்பாளோ அப்படியே. வலது கையில்தான் கத்தி இல்லை.

எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. ஹதாசாவின் கழுத்து முதலில் அசையவே இல்லை. பிறகு தோள் இறங்கியது. பிறகு தலை மெல்லச் சாய்ந்து சாய்ந்து, ஒரு கட்டத்தில் முழுசாக அந்தக் கையில் வந்து இறங்கியது. அதை நான் கண்ணால் பார்த்தேன். செங்கம்மாவின் மணிக்கட்டு அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு லேசாகத் தாழ்ந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

செங்கம்மா கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுத்துட்டாங்க சார்" என்றாள்.